வீட்டில் தூண்டில் ஈயம் வார்ப்பது: சில வருடப் பாவனைக்குப் பிறகு

யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பாலத்தடியில் தூண்டில் போடுகிறவர்களுக்கு ஈயச் செலவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நீர் இழுக்கிற நேரத்தில் கனம் காணாவிட்டால் தூண்டில் தள்ளுப்பட்டுப் போய்க் கல்லிடுக்கில் மாட்டும். மாட்டினால் தங்கூசியை (தூண்டில் நைலோன் நூலை) அறுத்துவிட்டு அடுத்த ஈயத்தைக் கட்டவேண்டியதுதான். 2022 இல் எல்லாச் சாமானும் விலை ஏறிய நேரம் நான் வீட்டில் வார்க்கத் தொடங்கினேன். அதற்குப் பிறகு கடையில் ஈயம் வாங்கவில்லை. புதிதாகத் தொடங்க நினைக்கிறவர்கள் உருக்குவதைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். உருக்குவது லேசான வேலை. ஈயத்தின் தூசும் கசடும் வீட்டுக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் போகாமல் பார்ப்பதுதான் பெரிய வேலை, அதில்தான் கவனம் வேண்டும்.

என்னிடம் இருப்பது இரண்டு பாதியாகத் திறக்கிற அலுமினிய அச்சு. கனடாவில் இருக்கிற மச்சான் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து தந்தது. இத்தனை காலப் பாவனைக்கும் குழிகள் வடிவாகவே இருக்கின்றன. பிடியின் மரம் ஒரு பக்கம் கருகிவிட்டது, பிணைச்சல் கொஞ்சம் ஆடுகிறது. இரண்டு பாதியும் சேரும் முகத்தில் கடுகளவு ஈயத்துண்டு ஒட்டியிருந்தாலும் அச்சு வடிவாக மூடாது. வார்த்த குண்டின் ஓரத்தில் மெல்லிய செட்டை வந்துவிடும். ஒவ்வொரு முறையும் மூடுவதற்கு முன் அந்த முகத்தைக் காய்ந்த துணியால் துடைத்துவிட்டால் அந்தப் பிரச்சினை இல்லை.

உருக்குவதற்கு வார்ப்பிரும்புத் தாச்சி அல்லது தடித்த எவர்சில்வர்ச் சட்டி நல்லது. அலுமினியச் சட்டி வேண்டவே வேண்டாம். சூட்டில் அது பலம் இழந்துவிடும், உள்ளே இருக்கும் ஈயத்தின் பாரமோ சாதாரணமானதில்லை. எந்தச் சட்டியை எடுத்தாலும் அது திரும்பக் குசினிக்குப் போகக்கூடாது. அகப்பைக்கும் இதே சட்டம். மண்ணெண்ணெய் அடுப்பிலும் ஈயம் உருகும், ஆனால் சூட்டைக் கூட்டிக் குறைக்க காஸ் அடுப்புத்தான் வசதி.

ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும். நான் வெப்பமானி வைத்துப் பார்த்து 380 ஐத் தாண்ட விடுவதில்லை. அதற்கு ஒரு காரணம் டயர்க் கடைகளில் கிடைக்கிற சில்லுக் கட்டிகள், அதாவது சில்லைச் சமன்செய்யப் பூட்டுகிற சின்னக் கனங்கள். பழையவை ஈயம், புதியவற்றில் இரும்பிலும் நாகத்திலும் (துத்தநாகத்தில்) செய்தவையும் இருக்கும். நாகம் உருக 419 பாகை வேண்டும். சூட்டை அதற்குக் கீழே வைத்திருந்தால் இரும்பும் நாகமும் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் அள்ளி எடுத்துவிடலாம். நாகம் உருகிக் கலந்துவிட்டால் ஈயம் கூழ்ப்பதமாகி அச்சின் மூலைகளுக்குள் போகாது.

பழைய வலையில் கழற்றிய ஈயம் எங்கள் பக்கம் தாராளமாகக் கிடைக்கும். குருநகரில் ஓர் அண்ணையிடம் வாங்கப் போனபோது அவர் முதலில் சொன்னது விலை இல்லை.

"தம்பி, வலையில கழட்டின ஈயத்தை உருகினதுக்குள்ள போட்டிடாதை. உள்ளுக்கு உப்புத்தண்ணி நிக்கும்."

"அப்ப என்னெண்டு உருக்கிறது, அண்ணை?"

"பச்சையாவே சட்டியில போட்டு அடுப்பை மெல்ல மூட்டு. தண்ணி தானாக் காய்ஞ்சு போகும்."

இந்த வேலையில் இதைவிடப் பெறுமதியான புத்தி எனக்கு யாரும் சொல்லவில்லை. தண்ணீர் ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். உருகிய ஈயத்துக்கு அடியில் ஒரு துளி அகப்பட்டாலும் சட்டியில் இருக்கிற ஈயம் முகத்துக்குத் தெறிக்கும். ஆகவே மாரி காலத்தில் நான் வார்ப்பதே இல்லை. வெயில் காலத்திலும் நெற்றி வியர்வை சொட்டாமல் தலையில் துணி கட்டிக்கொள்வேன். முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு, தோல் கையுறை, நீளக் காற்சட்டை, மூடின சப்பாத்து. செருப்போடு இந்த வேலைக்கு நிற்கக்கூடாது.

பற்றரி ஈயத்தைத் தொடவேண்டாம். அதில் அமிலம் இருக்கிறது, ஆசனிக், அந்திமனி போன்ற கலப்புகள் இருக்கின்றன. அந்தக் கசடில் ஈரம் பட்டால் உயிரைக் குடிக்கிற வாயு உண்டாகலாம். சும்மா தந்தாலும் வேண்டாம்.

வார்க்கிற முறை பழகப் பழகக் கைக்கு வரும். அச்சின் குழிக்குள் மெழுகுதிரிச் சுவாலையைப் பிடித்துக் கரி படிய விட்டால் ஈயம் நன்றாக ஓடி நிரம்பும், குண்டும் ஒட்டாமல் விழும். அச்சு குளிராக இருக்கும்போது வார்த்தவை தோல் சுருங்கி வரும். அவற்றைச் சட்டிக்குள்ளேயே திரும்பப் போட்டுவிடலாம். அச்சு சூடேறியதும் முகம் பார்க்கிற பளபளப்போடு விழத் தொடங்கும். அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் பளபளப்புப் போய்ச் சாம்பல் பூத்த நிறம் வரும். அப்போது அச்சைத் திறந்துவைத்துக் கொஞ்ச நேரம் ஆறவிட வேண்டும். ஊற்றுவாயில் ஈயம் இறுகும்போது நடுவில் சின்னப் பள்ளம் விழும். இறுகுகிற ஈயம் சுருங்குவதால் வருவது அது, குறை இல்லை.

இனித் தூசு. ஈயப் புகைதான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். நான் சொன்ன சூட்டில் ஈயம் ஆவியாவது மிகக் குறைவு. மேலே படர்கிற சாம்பல் நிற ஆடையை வழித்தெடுக்கும்போது எழும் தூசு கையிலும் உடுப்பிலும் ஒட்டி, அங்கிருந்து வாய்க்குப் போவதுதான் பெரிய ஆபத்து. உடலில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனாலும் சிறுபிள்ளைகளின் உடல் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு உறிஞ்சும். எங்கள் வீட்டில் பிள்ளைகள் நிற்கிற நேரம் அடுப்பு மூட்டமாட்டேன். கோடிப்புறத்தில், காற்று முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நின்றுதான் வார்ப்பேன். சோளகக் காற்றுப் பலமாக அடிக்கிற நாட்களில் தூசு எங்கே போகும் என்று சொல்லமுடியாது, அப்போதும் வேலை இல்லை. வேலை முடியும் வரைக்கும் தேத்தண்ணீரோ வெற்றிலையோ கிடையாது. முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கையையும் முகத்தையும் கழுவி, உடுப்பை மற்ற உடுப்புகளோடு சேர்க்காமல் தோய்க்கவேண்டும். நிலத்தைத் தும்புத்தடியால் கூட்டக்கூடாது. ஈரத்துணியால் துடைப்பதுதான் சரி, அதுவும் ஈயம் முழுக்க ஆறி இறுகிய பிறகு.

வழித்த கசடை என்ன செய்வது என்பதை யாழ்ப்பாணத்தில் இருக்கிறவர்கள் இரண்டு தரம் யோசிக்கவேண்டும். எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே கொட்டுவது வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி நிலத்தடி நீருக்குப் போய்ச் சேரும், அந்த நீரைத்தான் அள்ளிக் குடிக்கிறோம். சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது சனம் பட்ட பாட்டைப் பார்த்த பிறகும் வளவுக்குள் கசடைப் புதைக்க எப்படி மனம் வரும்? நான் இறுக்க மூடுகிற தகரப் பேணியில் சேர்த்துப் பெயர் எழுதி, கூரைக்குக் கீழே, பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்திருக்கிறேன். கையால் நசிக்கிற சின்ன ஈயங்களைத் தூண்டில்காரர் பல்லால் கடித்து மூடுவதை இன்றும் பாலத்தடியில் காண்கிறேன். ஒரு சின்னக் குறடு அதற்குப் போதும்.

காசுக் கணக்கில் எனக்கு நல்ல இலாபம். அதைவிட, அன்றைய நீரோட்டத்துக்கு வேண்டிய கனத்தை நானே தெரிந்து வார்க்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் கடலுக்குள் அறுந்து விடுகிற ஈயம் என் மனதை அரிக்கிறது. அன்னப்பறவைகள் ஈயத்தை விழுங்கிச் செத்ததால் பிரித்தானியாவில் 1987 இலேயே சின்னத் தூண்டில் ஈயங்களைத் தடைசெய்தார்கள். எங்கள் களப்பிலும் குளிர்காலத்துக்குப் பறவைகள் வந்து இரை தேடுகின்றன. கல் கூடிய இடத்தில் இப்போது பழைய இரும்பு நட்டுகளைத்தான் கட்டுகிறேன். இரும்பு கறள் பிடிக்கும், அதே கனத்துக்குப் பருமனும் கூட, நீர் அதைச் சற்று அதிகமாகத் தள்ளும். அறுந்துபோனால் கவலை இல்லை. வார்த்த ஈயத்தை மணல் தரையில், திரும்ப இழுத்து எடுக்கக்கூடிய இடத்தில் மட்டும் போடுகிறேன்.