சோனியும் ரிக்கோவும்: தோட்டத்து ஊரில் அன்றாடம் படமெடுத்த அனுபவம்

செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையின் எடை மேடையில் கணக்கராக வேலை பார்க்கிறேன். காலையில் முதல் லாரி மேடையேறும்போது என் காற்சட்டைப் பையில் ஒரு கேமரா கட்டாயம் இருக்கும். 2018-இல் பழையதாக ஒரு சோனி ஆர்எக்ஸ்100 எம்3 வாங்கினேன். 2021-இல் ரிக்கோ ஜிஆர்3 வந்து சேர்ந்தது. புதியது வந்ததும் பழையதை விற்றுவிடலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். இன்றுவரை விற்கவில்லை. ஏன் விற்கவில்லை என்பதைச் சொன்னால், "இரண்டில் எதை வாங்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும் மைத்துனருக்கும் நண்பர்களுக்கும் பதில் கிடைத்துவிடும்.

எங்கள் ஊர் மலேசியாவின் சிலாங்கூரிலுள்ள பெஸ்தாரி ஜெயா. 2007-இல் பெயர் மாறியது. எங்கள் பேச்சில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். பக்கத்திலிருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை நட்டார்கள். சுற்றிலும் இரப்பராக இருந்த தோட்டங்கள் பிற்பாடு ஒவ்வொன்றாகச் செம்பனைக்கு மாறின. லயங்கள் காலியாகின, காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் புல் முளைத்தது, சில கோயில்கள் இடம் பெயர்ந்தன. என் தாத்தா நாற்பது ஆண்டுகள் குடியிருந்த லயத்துக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு படம்கூட இல்லை. அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கும் அடையாள அட்டைக்கும்தான் படம் எடுப்பார்கள். வாசலில் காயும் பாய், சுவரில் மாட்டிய, பால் வாளி தூக்கும் காண்டாக் கம்பு, குழாயடியில் வரிசையாக நின்ற வாளிகள் இவற்றையெல்லாம் யார் எடுத்தார்கள்? அந்த ஏக்கத்தால்தான் நான் தினமும் கேமராவோடு அலைகிறேன். சுற்றுலாவுக்குப் போகும்போது மட்டும் எடுப்பவருக்கு என் தேர்வு பொருந்தாமலும் போகலாம்.

கைத்தொலைபேசி போதாதா என்று கேட்பார்கள். பல நேரங்களில் போதும். ஆனால் நிழலையெல்லாம் தானே வெளிச்சமாக்கி, முகத்துச் சுருக்கங்களைத் தானே மழுக்கிக் கொடுக்கும் படம் எனக்கு வேண்டாம். எதை இருட்டில் விடுவது என்பதை நான் முடிவு செய்ய வேண்டும்.

விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோனி 2014-இல் வெளியானது. ஓர் அங்குல வகை சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு), 20.1 மெகாபிக்சல், பழைய ஃபிலிம் கணக்கில் 24 முதல் 70 மில்லிமீட்டர் வரை விரியும் சைஸ் லென்ஸ். மில்லிமீட்டர் குறைந்தால் காட்சி அகலும், கூடினால் தொலைவில் உள்ளது நெருங்கி வரும். கண் வைத்துப் பார்க்க மேலே தூக்கிக்கொள்ளும் சிறிய வியூஃபைண்டர், மடங்கும் திரை, ஃபிளாஷ் என எல்லாமே 290 கிராமுக்குள் அடக்கம். 2019-இல் வந்த ரிக்கோவில் இவற்றில் ஒன்றும் இல்லை. ஜூம் இல்லை, வியூஃபைண்டர் இல்லை, ஃபிளாஷ் இல்லை, திரையும் அசையாது. ஒரே ஒரு 28 மில்லிமீட்டர் லென்ஸ், ஒளி புகும் துளை எஃப் 2.8 (இந்த எண் சிறிதானால் துளை பெரிது). ஆனால் 257 கிராம் எடையுள்ள அந்தச் சின்ன உடலுக்குள் பெரிய கேமராக்களில் வரும் ஏபிஎஸ்-சி சென்சாரை வைத்திருக்கிறார்கள். பரப்பளவில் அது சோனியுடையதைப் போல் மூன்று மடங்கு, 24.2 மெகாபிக்சல்.

மூன்று மடங்கு சென்சார் என்றதும் இருட்டில் ரிக்கோ மூன்று மடங்கு நன்றாக எடுக்கும் என்று நானும் நம்பித்தான் வாங்கினேன். அப்படி இல்லை. சோனியின் லென்ஸ் முழு அகலத்தில் எஃப் 1.8 வரை திறப்பதால் ஒளியை அதிகம் வாங்கி, சென்சார் வித்தியாசத்தில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. மண்ணெண்ணெய் விளக்குப் போல மங்கிய ஒற்றைக் குண்டு பல்பு எரியும் கூடத்தில், அகலக் கோணத்தில் எடுத்த இரண்டு படங்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். ரிக்கோ கொஞ்சம் தெளிவு, அவ்வளவுதான். சோனியில் சற்று ஜூம் செய்தாலே துளை 2.8-க்கு இறங்கிவிடும், அதன் பிறகுதான் ரிக்கோவின் பெரிய சென்சார் தன் பலத்தைக் காட்டுகிறது.

அப்படியானால் ரிக்கோ எனக்கு ஏன் தினசரிக் கேமரா ஆயிற்று? வேகத்தால்.

ஊரில் நான் பசியாறும் ஒட்டுக்கடையில் அண்ணன் ஒருவர் தே தாரிக் ஆற்றுவார். ஒரு கை தலைக்கு மேலே, மறு கை இடுப்புக்குக் கீழே. நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு கயிறு போலத் தேநீர் தொங்கும். அது ஒரு நொடிக் காட்சி. சோனியை எடுத்து, லென்ஸ் நீண்டு, முகத்தைத் தேடி, ஃபோகஸ் பிடிப்பதற்குள் குவளை நிரம்பிவிடும். ரிக்கோவில் 'ஸ்னாப் ஃபோகஸ்' என்று ஒரு வசதி உண்டு. தூரத்தை முன்னரே இரண்டு மீட்டர் என்று வைத்துவிடலாம். துளையை எஃப் 8-இல் வைத்தால் ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து தொலைவு வரை எல்லாமே தெளிவாக விழும். பொத்தானை ஒரேயடியாக அழுத்தினால் கேமரா எதையும் தேடாது, உடனே எடுத்துவிடும். அணைத்து வைத்திருந்தாலும் ஒரு நொடிக்குள் விழித்துக்கொள்கிறது. எடுப்பது முழுக்க ஒரு கை வேலை. இடது கையில் ரொட்டி சானாய் இருந்தாலும் படம் எடுக்கலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. 28 மில்லிமீட்டரில் படம் நிறைய வேண்டுமானால் ஆளுக்கு அருகில் போக வேண்டும். முதல் மூன்று மாதங்களில் நான் எடுத்தவற்றில் பாதி, வெறும் தரையும் வானமுமாக இருந்தன. சோனியில் ஜூம் இருந்ததால் சாலையின் இந்தப் பக்கமே நின்று எடுத்துப் பழகியிருந்தேன். ரிக்கோ வந்த பிறகுதான் சாலையைக் கடந்துபோய், "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்கத் தொடங்கினேன். குலை ஏற்றிவரும் லாரி ஓட்டுநர்கள் பலரின் பெயர் அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. வெட்டிய குலையை நாள் கடத்தாமல் ஆலையில் வேகவைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அதனால் மாலையில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். அந்த அரை மணி நேரக் காத்திருப்பில் ஓட்டுநர் இருக்கையிலேயே எடுத்த முகங்கள் என் சேகரிப்பில் மிகவும் உயிருள்ளவை. ஆலைக்குள் எடுப்பதற்கு நிர்வாகத்திடம் முன்னரே அனுமதி வாங்கியிருக்கிறேன். நீங்களும் வேலை செய்யும் இடத்தில் கேட்காமல் எடுக்காதீர்கள்.

இனி சோனியின் பக்கம். உச்சி வெயிலில் செம்மண் சாலையில் நின்று ரிக்கோவின் திரையைப் பாருங்கள். உங்கள் முகம்தான் தெரியும். சோனியின் வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் காட்சி நிழலுக்குள் வந்துவிடும். அதை மேலே தூக்கி, கண் வைக்கும் பகுதியைப் பின்பக்கம் இழுத்துவிட வேண்டும். இரண்டு வேலைதான், ஆனால் அவசரத்தில் இரண்டாவதை மறந்துவிடுவோம். உள்ளே அழுத்தினால் கேமராவே அணைந்துவிடும் என்பதையும் பழகிக்கொள்ள வேண்டும்.

தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதிக்கு நான் சோனியைத்தான் கொண்டுபோகிறேன். 2022-இல் பிடிவாதமாக ரிக்கோவை மட்டும் எடுத்துப் போய் நொந்துபோனேன். பூக்குழிக்கும் கூட்டத்துக்கும் நடுவே கயிறு கட்டியிருப்பார்கள், அதைத் தாண்டக் கூடாது, தாண்டவும் மனம் வராது. கரகத்தோடு இறங்குகிறவர் என் படத்தில் கட்டைவிரல் அளவுதான் இருந்தார். ரிக்கோவிலேயே 50 மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டி எடுக்கும் வசதி உண்டு. ஆனால் 24 மெகாபிக்சல் அப்போது 7-ஆகக் குறைந்துவிடுகிறது. மறு ஆண்டு சோனியை 70-இல் வைத்து, கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி, திரையைக் கீழ்நோக்கி மடக்கிப் பார்த்து எடுத்தேன். தணலின் சிவப்பு அவர் முகவாயின் அடியில் படிந்த அந்தக் கணம் அப்படியே கிடைத்தது. ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 3200 வரை கூட்டியதால் புள்ளிகள் தெரிகின்றன. தெரியட்டும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரிக்கோவில் 'பாசிட்டிவ் ஃபிலிம்' என்ற அமைப்பில் செம்பனை ஓலையின் பச்சை ஆழமாக, ஈரம் சொட்டுவது போல் வருகிறது. பழத்தின் ஆரஞ்சும் சிவப்பும் கலந்த அந்த நிறத்துக்கும் அதுவே பொருத்தம். மனிதத் தோலுக்குச் சோனியின் சாதாரண நிறம் எனக்குப் பிடிக்கிறது. எந்தக் கேமராவாக இருந்தாலும், வாசலில் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நிற்கும் நம் மக்களின் முகம் கறுத்துப்போகும். வெளிச்ச ஈட்டை, அதாவது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை, 0.7 அல்லது 1 கூட்டுங்கள். சோனியில் லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் அதை அமைத்து வைத்திருக்கிறேன். பின்னால் சுவர் வெளுத்துப்போனாலும் கவலையில்லை, ஆள் தெரிய வேண்டும்.

பேட்டரியில் ரிக்கோவுக்குப் பொறுமை தேவை. தர அளவீட்டின்படி அதற்கு ஏறக்குறைய 200 படங்கள், சோனிக்கு 320. என் கையில் ரிக்கோ அரை நாள்தான் தாங்கும். சட்டைப் பையில் இரண்டு மாற்று பேட்டரிகள் எப்போதும் உண்டு. டைப்-சி கம்பியில் மின்னேற்ற முடிவதால் எடை மேடை அறையிலேயே ஏற்றிக்கொள்கிறேன். சோனிக்குப் பழைய மைக்ரோ யுஎஸ்பி கம்பியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ரிக்கோவுக்குள்ளேயே 2 ஜிபி நினைவகம் இருப்பது சிறிய விஷயமாகத் தோன்றும். ஒரு நாள் அட்டையை வீட்டில் மறந்துவிட்டுப் போனபோது, அறுபது எழுபது படங்களை அதுதான் காப்பாற்றியது.

நம் தட்பவெப்பம்தான் கேமராவுக்கு உண்மையான சோதனை. இந்த இரண்டுக்கும் முன்னால் என்னிடம் இருந்த கேமராவைத் துணி அலமாரியில் ஓராண்டு போட்டு வைத்து, லென்ஸில் பூஞ்சை படர்ந்து இழந்தேன். சிலந்தி வலை போல வெள்ளை நூல் நூலாக இருந்ததைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. இப்போது இரண்டும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு தூங்குகின்றன. உள்ளே ஒரு சிறிய ஈரமானி, ஈரப்பதம் 45-க்கும் 50 விழுக்காட்டுக்கும் இடையில் நிற்குமாறு பார்த்துக்கொள்கிறேன். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் கேமராவைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். லென்ஸ் மேல் பனி படியும். கால் மணி நேரம் பையிலேயே வெளிச்சூட்டுக்குப் பழகட்டும்.

இரண்டுக்கும் மழை, தூசிக் காப்பு கிடையாது. ரிக்கோவை உறையில்லாமல் பையில் போட்டு லாரித் தூசியில் சுற்றியது என் தவறு. ஓராண்டில், எஃப் 11-இல் எடுத்த வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா என்பதால் நாமே துடைக்க வழியில்லை, பிரித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். செய்து வாங்கிய பிறகு அம்மா தைத்துக் கொடுத்த பருத்திப் பையில் வைத்து, அதையும் மூடியுள்ள பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத்தான் எடுத்துச் செல்கிறேன். புள்ளி திரும்ப வரவில்லை.

எதிர் வீட்டுப் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முடியாது. பதினான்கு வயதில் இரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர். வெட்டுக் கத்தியை இன்னும் எண்ணெய் தடவி, பழைய துணியில் சுற்றி வைத்திருக்கிறார். ஒரு மாலை அதை எடுத்துக் காட்டினார். ரிக்கோவின் மேக்ரோ அமைப்பில் 6 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். கத்தியைப் பிடித்த வலக்கை கட்டைவிரலின் ஓரத்தில், கைப்பிடி அழுத்தி அழுத்தித் தேய்ந்த ஒரு காய்ப்பு, பழுப்பு நிறத்தில், நெல்மணி அளவில். அதன் மேல் ரேகை இல்லை, வழவழவென்று இருந்தது. அந்தப் படத்தில் நகக்கண்ணின் வெடிப்பு வரை எண்ணலாம். நான் எடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்த படம் அதுதான்.

பெரியம்மாவிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். "நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. ஆனால் முகமே இல்லாத படத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?" என்றார். அதே ரிக்கோவில் முகத்தை அருகில் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது பின்னுக்குப் போனதாகவும் தெரியும். அகலக் கோணத்தில் நெருங்கினால் அப்படித்தான் வரும். வீட்டுக்குப் போய்ச் சோனியை எடுத்து வந்தேன். அவர் சேலை மாற்றி, பூ வைத்துக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்தார். இரண்டு மீட்டர் தள்ளி நின்று 70 மில்லிமீட்டரில் எடுத்தேன். கண்ணாடியில் தன்னைப் பார்ப்பது போலவே இருப்பதாகச் சொன்னார். சோனியை நான் விற்காததற்கு இதுதான் காரணம். ரிக்கோவில் எனக்கு வேண்டிய படம் கிடைக்கிறது. படத்தில் இருக்கிறவர்கள் கேட்கும் படத்தைச் சோனிதான் கொடுக்கிறது.

ஒன்றுதான் வாங்க முடியும், குழந்தைகளும் குடும்ப விழாக்களும் உள்ள வீடு என்றால் தயங்காமல் சோனி. தனியாக நடந்து, அன்றாடத்தை எடுக்கப் போகிறீர்கள் என்றால் ரிக்கோ. பழையதாக வாங்கும்போது லென்ஸுக்குள் கைவிளக்கை அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். சோனியில் ஜூமை முழுக்க நீட்டிச் சுருக்கி, சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வியூஃபைண்டரை நான்கைந்து முறை தூக்கி இறக்குங்கள். ரிக்கோவில் வெள்ளைச் சுவரை எஃப் 16-இல் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் தூசி இருந்தால் தெரிந்துவிடும்.

பெரியம்மாவின் முகப் படத்தை 8ஆர் (எட்டுக்குப் பத்து அங்குலம்) அளவில் கழுவக் கொடுத்திருக்கிறேன். அவர் தன் வீட்டில் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்துத் தயாராக வைத்திருக்கிறாராம். சனிக்கிழமை கோல சிலாங்கூர் போய்ச் சட்டம் வாங்க வேண்டும், இரண்டாக. கட்டைவிரல் படம் என் வீட்டுச் சுவருக்கு.