ஏஏசி பிளாக்: சுவர் வேகமாக எழும்பும், ஈரத்தில் கவனம் வேண்டும்

கொத்தனாரும் மணலும் கிடைப்பது சிரமமாகிவரும் வீடுகட்டும் தொழிலுக்கு ஏஏசி பிளாக் (உள்ளே நுண்ணிய காற்றுக்குமிழிகள் கொண்ட லேசான கான்கிரீட் கல்) உண்மையிலேயே கைகொடுக்கிறது. கன மீட்டருக்குச் சுமார் 550 முதல் 650 கிலோதான் எடை. செங்கல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நீளம் 600 மி.மீ. என்பதால் சுவர் மளமளவென எழும்பும்.

விரிசல் விடுகிறது என்பதுதான் பலரின் புகார். பெரும்பாலும் ஈரமே காரணம். மழையில் நனைந்த பிளாக்கை அப்படியே வைத்துக் கட்டினால், காயும்போது சுருங்கிச் சுவர் வெடிக்கும். தரையில் படாமல் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடுங்கள். பிளாக்குகளுக்கு இடையே ஒட்டுக்கலவை 3 மி.மீ. கனம் போதும். தூணும் சுவரும் சேரும் இடத்தில் பூச்சுக்கு முன் கண்ணாடியிழை வலை கட்டாயம் ஒட்ட வேண்டும். வயரிங் காடியை உளியால் கொத்தவே கூடாது, கட்டர்தான். சுவரில் மாட்டும் கனமான அலமாரியை, திருகாணிக்காகச் சுவரில் செருகும் சாதாரண பிளக் தாங்காது. ஏஏசி பிளாக்குக்கென உள்ள ஆங்கர் (சுவருக்குள் இறுகப் பிடிக்கும் பிடிப்பான்) வாங்குங்கள். அடித்தளத்துக்கு இந்தப் பிளாக் வேண்டாம்.