டிஹெச்சி vs சிபிடி: ஒரே செடி, ஒரே ஃபார்முலா, ஆனா வேற வேற வேலை

போன மாசம் சித்தி போன் பண்ணி, "ஏம்ப்பா, உன் தம்பி கலிஃபோர்னியால இருந்து வரும்போது முட்டி வலிக்கு ஏதோ எண்ணெய் வாங்கிட்டு வரேங்கறான், கேட்டா கஞ்சா செடில இருந்து எடுத்ததாம், அதக் குடிச்சா எனக்கு போதை ஏறிடுமா?"ன்னு கேட்டாங்க. சிரிச்சுட்டேன், ஆனா ஒரே வரில பதில் சொல்ல முடியல. அந்தச் செடில கன்னாபினாய்டுங்கற வகைக் கெமிக்கல் நூத்துக்கு மேல இருக்கு, அதுல ஊரே பேசறது ரெண்டப் பத்திதான், டிஹெச்சி, சிபிடி. ஒண்ணு போதை ஏத்தற வில்லன், இன்னொண்ணு வலி தீக்கற நல்லவன்னு ஒரு கதை ஓடிட்டிருக்கு. அந்தக் கதை பாதிதான் சரி.

ரெண்டுக்கும் ஃபார்முலா ஒண்ணேதான்: 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். டிஹெச்சில ஒரு வளையம் மூடியிருக்கும், சிபிடில அது திறந்து கிடக்கும், அவ்ளோதான் வித்தியாசம். ஆனா மூளைல சிபி1னு ஒரு ரிசெப்டர், அதாவது செல்லு மேல கெமிக்கல் வந்து ஒட்டற இடம், இருக்கு, ஞாபகம், பசி, உடம்போட பேலன்ஸ் இதெல்லாம் பாத்துக்கற இடங்கள்ல நெறைய இருக்கும், டிஹெச்சி போய் அதுல அப்படியே உக்காந்து சுவிட்ச் போட்டுடும், சிபிடிக்கு அந்த சீட்ல சரியா உக்காரவே வராது. போதை ஒண்ணுல ஏறி இன்னொண்ணுல ஏறாததுக்கு முக்கிய காரணம் இதுதான்.

அந்த ரிசெப்டர் கஞ்சாவுக்காக வந்ததில்ல, நம்ம உடம்பே தயாரிக்கற ஒரு கெமிக்கலுக்காக இருக்கறது. அத 1992ல கண்டுபுடிச்சு அனந்தமைடுன்னு பேர் வச்சாங்க, ஆமா, நம்ம 'ஆனந்தம்'தான், சமஸ்கிருதத்துல இருந்து எடுத்தது. அந்த டீமோட தலைவர் இஸ்ரேல்ல இருந்த ரஃபேல் மெஷூலம். இவர்தான் 1964ல கவோனிங்கறவரோட சேந்து டிஹெச்சியத் தனியாப் பிரிச்சு அதோட அமைப்பச் சொன்னவர், அந்த ஆராய்ச்சிக்கு போலீஸ் புடிச்சு வச்சிருந்த 5 கிலோ லெபனான் ஹஷீஷ, அதாவது கஞ்சா பிசின, வாங்கி பஸ்ல எடுத்துட்டுப் போனாராம், பக்கத்து சீட்டுக்காரர் நிலைமைய நெனச்சுப் பாருங்க. சிபிடிய அதுக்கு முன்னாடி 1940லயே அமெரிக்கால ரோஜர் ஆடம்ஸ் பிரிச்சிட்டார், ஆனா போதை தராத சரக்குன்னு ரொம்ப நாள் அத யாரும் பெருசா கண்டுக்கல.

சரி, உடம்புல என்ன ஆகும்? டிஹெச்சி உள்ள போனா நெஞ்சு படபடன்னு அடிக்கும், வாய் வறண்டுடும், கண்ணு செவக்கும், பசி எடுக்கும், அஞ்சு நிமிஷம் அரை மணி நேரம் மாதிரி இழுக்கும், இப்ப சொன்னது அடுத்த நிமிஷம் மறந்துடும். அளவு கூடினா பயம், சந்தேகம், பதட்டம். எப்படி உள்ள போகுதுங்கறதுல இன்னொரு வம்பு இருக்கு. பொகையாப் போனா சில நிமிஷத்துல ஏறி ரெண்டு மூணு மணி நேரத்துல பெரும்பாலும் இறங்கிடும். தின்னா, லிவர் அத 11-ஹைட்ராக்ஸி டிஹெச்சின்னு இன்னொண்ணா மாத்திடும், அதுவும் மூளைக்குள்ள நல்லாப் போய் வேலை செய்யும், ஆனா ஏற ஒண்ணு ரெண்டு மணி நேரம் ஆகலாம். அதனால "ஒண்ணுமே ஆகலயே"ன்னு இன்னொரு பீஸ் சாப்டுட்டு, அப்புறம் ரெண்டும் சேந்து ஏறி ஆஸ்பத்திரிக்கு ஓடறவங்களும் உண்டு.

இதே டிஹெச்சிக்கு மருந்து வேஷமும் இருக்கு. லேப்ல செஞ்ச டிஹெச்சிய, ட்ரோனாபினால்னு பேரு, கேன்சர் கீமோ வாந்திக்கு 1985லயே அமெரிக்கால அனுமதிச்சாங்க, எய்ட்ஸ்ல பசி இல்லாம இளைச்சவங்களுக்கு 1992ல. அதனால முழு வில்லன்னு சொல்ல முடியாது. ஆனா இப்ப சுத்தற சரக்கு பழைய சரக்கு இல்ல, அமெரிக்கால பிடிபட்ட கஞ்சால சராசரி டிஹெச்சி 1995ல 4 சதவீதம், 2014ல 12 சதவீதம். 10 சதவீதத்துக்கு மேல இருக்கறத தெனமும் இழுக்கறவங்களுக்கு சைக்கோசிஸ், அதாவது நெஜம் எது கற்பனை எதுன்னு தெரியாமப் போற மனநோய், வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட அஞ்சு மடங்குன்னு 2019ல ஐரோப்பால நெறைய ஊர்ல எடுத்த ஆய்வு காட்டுச்சு. வயசுப் பசங்க வீட்ல இருந்தா எனக்கு மொதல்ல உறுத்தறது இந்த நம்பர்தான்.

சிபிடி பல வாசல்ல கொஞ்சம் கொஞ்சம் தட்டும். செரோடோனின் ரிசெப்டர் ஒண்ணு, மிளகாய் காரத்த உணர்ற ரிசெப்டர் ஒண்ணு, இப்படி. அதுக்கு உறுதியான ஆதாரம் எங்க இருக்குன்னா வலில இல்ல, வலிப்புல. ட்ராவே, லெனாக்ஸ்-காஸ்டோன்னு சின்னப் பிள்ளைங்களுக்கு வர்ற ரெண்டு மோசமான வலிப்பு நோய்க்கு எபிடியோலெக்ஸ்னு சிபிடி மருந்த 2018ல அமெரிக்கால அனுமதிச்சாங்க. அதுல டோஸ் ஒரு கிலோ எடைக்கு தெனம் 10, சில பேருக்கு 20 மில்லிகிராம் வரைக்கும். நம்ம சித்தி 60 கிலோ, கணக்குப் போட்டா 600ல இருந்து 1200 மில்லிகிராம் வருது. கடைல விக்கற ஜெல்லி மாதிரி சிபிடி மிட்டாய் ஒண்ணுல 10, 25தான் இருக்கும். இதுல இன்னொரு கொடுமை, வாய் வழியாப் போற சிபிடில ரத்தத்துக்குப் போய்ச் சேர்றதே ரொம்பக் கம்மி, எண்ணெய் நெய்யோட நல்லா சாப்ட்டா நாலஞ்சு மடங்கு ஏறும். ஆக கடை மிட்டாய் முட்டி வலிய நிறுத்தும்னு நம்பறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல, வேலை செய்யற டோஸ்ல போனா அது நெஜமாவே மருந்து, ரத்தத்துல லிவர் என்சைம் ஏறுது (லிவர் அடிவாங்கறதுக்கு அடையாளம்), வால்ப்ரோயேட்ங்கற வலிப்பு மாத்திரை கூட சேந்தா இன்னும் ஏறுது, தூக்கம், பேதி எல்லாம் வரும்.

இன்னொரு நம்பிக்கை இருக்கு, சிபிடி சேத்தா டிஹெச்சியோட கெட்டத அடக்கிடும்னு. லண்டன் கிங்ஸ் காலேஜ்ல 2022ல 46 பேருக்கு ஆவியா இழுக்கக் குடுத்துப் பாத்தாங்க, டிஹெச்சிய விட மூணு மடங்கு சிபிடி சேத்தும் ஒண்ணும் அடங்கல. வாய் வழியா நெறைய சிபிடி சேத்தா இன்னும் கூத்து, டிஹெச்சிய உடைக்கற லிவர் என்சைம இது மறிச்சுடும், ரத்தத்துல டிஹெச்சி ஏறத்தான் செய்யும்.

பாட்டில் மேல என்ன எழுதியிருந்தாலும் நம்பவும் முடியல. 2017ல அமெரிக்கால ஆன்லைன்ல வாங்கின 84 சிபிடி அயிட்டத்த லேபுக்கு அனுப்பிப் பாத்ததுல 26ல மட்டும்தான் அளவு சரியா இருந்துச்சு, 18ல டிஹெச்சி இருந்துச்சு. சட்டத்துக்கு வந்தா, நம்ம நாட்டு 1985 என்டிபிஎஸ்ங்கற போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துல பூவும் பிசினும் மாட்டும், பூ சேராத இலையும் விதையும் கஞ்சாங்கற வரையறைக்குள்ள வராது. ஆனா பாட்டில்ல இருக்கறது எதுல இருந்து எடுத்ததுன்னு ஏர்போர்ட்ல நின்னு சித்தி எப்படி நிரூபிப்பாங்க?

இதெல்லாம் சொல்லி முடிச்ச அப்புறம்தான் எனக்கே உறைச்சுது. சித்திக்கு வால்வு ஆபரேஷன் ஆனது, ரத்தம் உறையாம இருக்க தெனம் வார்ஃபரின் மாத்திரை போடறாங்க. சிபிடி லிவர்ல மறிக்கற என்சைம்லதான் வார்ஃபரினும் உடையுது, ரத்தம் தேவைக்கு மேல இளகிடும், அத ஐஎன்ஆர்ங்கற ரத்த டெஸ்ட்ல பாப்பாங்க. "சித்தி, போதை ஏறுமான்னு கேட்டீங்க, ஐஎன்ஆர் ஏறும்"னேன். "அப்ப அவன பாதாம் வாங்கிட்டு வரச் சொல்றேன்"ட்டு வச்சுட்டாங்க.