பழைய பிரஸ் மெஷின் வாங்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்

475,000 ரூபா. லேத்தில் உலோகத்தைக் கடையும்போது விழும் சீவலைக் கட்டியாக அமுக்கும், ஓயில் அழுத்தத்தில் ஓடும் பழைய ஹைட்ரோலிக் பிரஸ் ஒன்றுக்காக நான் கொடுத்த காசு. மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள் இதே யோசனையில் இருந்தால் தயவுசெய்து முழுக்க வாசியுங்கள்.

எங்கள் பட்டறையில் அலுமினியச் சீவல்தான் அதிகம். உரப்பையில் எவ்வளவு அடைத்தாலும் பாதிக்கு மேல் காற்றுதான், லொறிக் கூலிக்கே கட்டாது. உருக்குபவர்களும் உதிரிச் சீவலுக்கு விலையை இறக்குகிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. அலுமினியம் உருக 660 பாகைச் சூடு வேண்டும். மெல்லிய சீவல் உலையில் மேலே மிதந்து, உருகுவதற்குள் ஒரு பங்கு கசடாகிவிடும். ஒட்டியிருக்கும் ஓயில் வேறு புகையும். அமுக்கிக் கொடுத்தால் ஓயிலும் பிழிந்து போகும், கசடும் குறையும்.

கொழும்பில் பழைய மெஷின்களைத் திருத்தி விற்கும் கடை அது. முதலாளி என் கண் முன்னாலேயே ஓட்டி, வந்த கட்டியைக் கையில் தந்தார். இறுகிப்போய் இருந்தது. தரையில் போட்டேன், ஓரம்கூட உதிரவில்லை. "அண்ணன், இவ்வளவு தூரம் வந்திருக்கிறீங்க, உங்கள ஏமாத்துவனா? ஆறு மாசத்துக்கு நான் பொறுப்பு" என்றார். அந்த வார்த்தைக்காகத்தான் 475,000 ரூபாவையும் எண்ணிக் கொடுத்தேன்.

இங்கே கொண்டுவந்து ஓட்டினால், மெஷினுக்குள் இருக்கும் ஓயில் குளிராக இருக்கும் வரை கட்டி நன்றாக வருகிறது. சூடேறியதும் புட்டு மாதிரி உதிர்கிறது. கழற்றிப் பார்த்தால் சிலிண்டர் உள்சுவர் முழுக்கக் கீறல், ஓயில் கசியாமல் பிடிக்கும் சீல் தேய்ந்து போயிருக்கிறது. சூட்டில் இளகிய ஓயில் அந்த வழியே கசிந்து அழுத்தம் இறங்கிவிடுகிறது. வெளியே மட்டும் புதுப் பெயின்ட். அழுத்தம் காட்டும் மீட்டரின் ஊசி, மெஷினை நிறுத்திய பிறகும் 200இலேயே நிற்கிறது!

கோல் எடுத்தால் முதலில் "ஓயிலை மாத்துங்க" என்றார். மாற்றினேன். அடுத்து "உங்கட கரண்ட் சரியில்ல." அப்புறம் "சீவல் நீளம், வெட்டிப் போடுங்க." பிறகு "மெக்கானிக் லீவில." இப்போது கோலை எடுப்பதே இல்லை. வட்ஸ்அப்பில் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார். பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய காசும் சேர்த்துத்தான் அந்த 475,000 ரூபா. வயிறு எரிகிறது.

மெஷின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டச் சொல்லி, அதற்குப் பிறகு வரும் கட்டியைப் பாருங்கள். நிறுத்தினால் ஊசி பூச்சியத்துக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். பொறுப்பு என்று சொன்னால் பில்லிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முழுக் காசையும் கொடுக்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977, நான் நாளைக் காலையில் எடுக்கப்போகிறேன்.