வெள்ளவத்தை மும்மொழி முன்பள்ளி: பிள்ளையைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், தாராளமாகச் சேர்க்கலாம். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைக்குள் இருக்கிற இந்த முன்பள்ளியில் தமிழ், சிங்கள, முஸ்லிம் பிள்ளைகள் ஒரே பாயில் இருந்து விளையாடுகிறார்கள், டீச்சர்மாரும் அப்படிக் கலந்துதான் இருக்கிறார்கள், மகளை இங்கே விட்டதே அதற்காகத்தான்.

"அவங்க வேற ஆக்கள்" என்ற எண்ணம் பிறவியிலேயே வருவது, மாற்ற முடியாது என்று சொல்லும் பெற்றோர் நம்மில் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. 2005இல் வந்த ஓர் ஆய்வில், பிறந்து சில நாளேயான வெள்ளைக்காரக் குழந்தைகள் எந்த இனத்து முகத்தையும் ஒரே மாதிரித்தான் பார்த்தன. மூன்று மாதக் குழந்தைகள்தான் தங்கள் இனத்து முகங்களைக் கூடுதல் நேரம் பார்த்தன. அடுத்த வருடம் வந்த இன்னொரு ஆய்வில், இஸ்ரேலில் கறுப்பு, வெள்ளை என இரண்டு வகை முகங்களையும் பார்த்து வளர்ந்த எத்தியோப்பியக் குழந்தைகளிடம் அந்தச் சாய்வே இல்லை. முகம் பழகுவது வேறு, வெறுப்பது வேறு, சரி. ஆனால் எந்த முகம் பழகும் என்பதே வளரும் இடத்தில்தான் முடிவாகிறது.

அதோடு இலங்கையில் முகத்தை வைத்துத் தமிழரா சிங்களவரா என்று பிரிக்கவே முடியாது. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் கும்பல்கள் ஆட்களை நிறுத்திச் சிங்களச் சொற்களைச் சொல்லவைத்து, உச்சரிப்பைக் கேட்டுத்தான் தமிழரைக் கண்டுபிடித்தன. உச்சரிப்பை வைத்து ஒருவரை வெறுக்கும் குணத்தோடு எந்தப் பிள்ளையும் பிறப்பதில்லை, யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்தது டீச்சர்மார் பதில் சொல்லும் விதம். "அந்த டீச்சர் ஏன் தலையை மூடியிருக்கிறா?" என்று பிள்ளை கேட்டால் வாயை அடைப்பதில்லை, அந்த டீச்சரிடமே கேட்கச் சொல்கிறார்கள், அவரும் சிரித்துக்கொண்டே விளக்குகிறார். கதை நேரம் ஒரு நாள் தமிழில், மறுநாள் சிங்களத்தில்.

குறையும் உண்டு. தமிழ்க் கதைப்புத்தகம் மிகக் குறைவு, விளையாட்டு சூடுபிடித்தால் எல்லாரும் சிங்களத்துக்கே போய்விடுகிறார்கள், தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் இரண்டும் கதைக்கிற நிலை வரக்கூடாது என்று நிர்வாகத்திடம் சொல்லியிருக்கிறேன். கட்டணமும் கொஞ்சம் கூடத்தான். அப்புறம், பள்ளி விடும் நேரம் ஒழுங்கைக்குள் வான்கள் நெருக்கும், நடந்து வர முடிந்தவர்கள் நடந்தே வாருங்கள்.

பெரிய கவலை தரம் 1 தான். அரச பாடசாலைகளில் மொழிமூலம், அதாவது எந்த மொழியில் படிப்பது, என்று பிரித்துவிடுவார்கள், ஒரே பாயில் இருந்தவர்கள் வேறு வேறு வகுப்புக்கு, பல நேரம் வேறு பள்ளிக்கே போய்விடுவார்கள். அதனால் இங்கே சேர்ப்பவர்கள் மற்றப் பெற்றோரின் நம்பரை வாங்கி வைத்து, பிள்ளைகளைப் பிறகும் சந்திக்க விடுங்கள்.