ஜே.சி. ரோடு மீட்டர் ரிப்பேர்: போர்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

பெங்களூரில் பழைய கார் வைத்திருப்பவர்களிடம் பெட்ரோல் முள் தப்பாகக் காட்டுகிறது, டெம்பரேச்சர் முள் எழும்பவில்லை என்று சொன்னால் உடனே வரும் பதில் "ஜே.சி. ரோட்டுக்குக் கொண்டு போங்க" என்பதுதான். டவுன் ஹாலில் இருந்து மினர்வா சர்க்கிள் போகும் வழியிலும் பக்கத்துச் சந்துகளிலும் மீட்டர் வேலைக்கென்றே சின்னக் கடைகள் இருக்கின்றன. கன்னடம் வராவிட்டாலும் தமிழில் சொன்னால் புரிந்துகொள்ளும் கடைகள் நிறைய. கைவேலையில் குறை சொல்ல முடியாது. ஸ்பீடோமீட்டர் வேலைக்கு இவர்களிடம் தாராளமாகப் போகலாம். ஆனால் பெட்ரோல், டெம்பரேச்சர் கேஜ் கோளாறுக்கு மீட்டர் போர்டை மட்டும் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். கடைக்காரர் கைக்கு வருவது போர்டு மட்டும். டேங்க் யூனிட் (டேங்க்குக்குள் ஃப்ளோட்டோடு பெட்ரோல் அளவை உணரும் பாகம்), ஒயரிங், எர்த் (வண்டி பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குப் போகும் இணைப்பு) மூன்றும் வண்டியிலேயே இருக்கின்றன. கோளாறும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

"டேங்க்ல பெட்ரோல் இருக்கு, முள் காலின்னு காட்டுதுண்ணா" என்று சொல்லிக் கொடுத்தால், சில கடைகளில் முள்ளைப் பிடுங்கித் தண்டில் சற்று மேலே திருப்பிச் செருகித் தந்துவிடுகிறார்கள். இது ரிப்பேரே இல்லை. அளவுகோல் முழுவதும் ஒரே அளவு நகர்ந்துவிடும். டேங்க் நிஜமாகவே காலியாகும்போது முள் கால் டேங்க் காட்டும்; வண்டி எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தின் நடுவில் நின்றுவிடும். இந்த ஒரு வேலையை மட்டும் செய்யவே வேண்டாம் என்று போர்டைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கொடுக்கும் முன் வீட்டில் பார்க்க ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். எந்தெந்த முள் ஒன்றாகத் தப்புகிறது என்பதுதான் முதல் கேள்வி. பெட்ரோலும் டெம்பரேச்சரும் ஒரே நேரத்தில் கூடுதலாகவோ குறைவாகவோ காட்டினால், இரண்டுக்கும் பொதுவான சப்ளை அல்லது எர்த்தில்தான் கோளாறு. ஒன்று மட்டும் தப்பினால் அதன் சென்டர் (sender: அளவை உணர்ந்து கேஜுக்கு அனுப்பும் பாகம்; பெட்ரோலுக்கு டேங்க் யூனிட், டெம்பரேச்சருக்கு சென்சார்) அல்லது அதன் ஒயரில் கோளாறு. ஹெட்லைட் போட்டதும் முட்கள் நகர்கிறதா? அப்படியானால் எர்த்தைச் சந்தேகிக்கலாம். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஃபேன் எல்லாம் போட்டு, மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை மீட்டர் போர்டின் எர்த் புள்ளியிலும் தொடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.2-ஐத் தாண்டினால் அந்த எர்த் ஸ்க்ரூவைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, பளபளக்கும் இரும்பில் மறுபடி இறுக்குங்கள். பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இரண்டு முட்களும் சேர்ந்து மேலே ஏறி நின்றால் வோல்டேஜ் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். ஸ்மித்ஸ் வகை பைமெட்டல் கேஜ் (சூட்டில் வளையும் இரட்டை உலோகத் தகடு முள்ளை நகர்த்தும் கேஜ்) உள்ள பழைய வண்டிகளில் போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு தகர டப்பா இருக்கும். உள்ளே சூடாகி வளையும் ஒரு தகடு, தொடர்பைத் திறந்து மூடி, சராசரி 10 வோல்ட்டை கேஜ்களுக்கு அனுப்புகிறது. மல்டிமீட்டரில் எண்கள் 0-க்கும் 12-க்கும் இடையே தாவினால் அது இயல்பு. தாவாமல் பேட்டரி வோல்டேஜே நிலையாக வந்தால், டப்பாவுக்கு எர்த் இல்லை அல்லது தொடர்பு ஒட்டிக்கொண்டது.

டப்பாவைப் பழுது பார்ப்பதைவிட, நிலையாக 10 வோல்ட் தரும் 7810 ஐ.சி. போடுவதே மேல். பக்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டில் கிட்டத்தட்ட ஒரு டீ விலைக்குக் கிடைக்கும். எழுத்து உங்களைப் பார்த்திருக்க, இடமிருந்து வலமாக இன்புட், எர்த், அவுட்புட். இன்புட்டில் 0.33, அவுட்புட்டில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். ஐ.சி.யின் உலோகத் தகடும் எர்த்தே என்பதால் நேராக பாடியில் திருகிவிடலாம்; சூடும் இறங்கும். 12 வோல்ட் தரும் 7812 வாங்கிவிடாதீர்கள், எல்லா முட்களும் கூடுதலாகவே காட்டும். பழைய தகர டப்பாவுக்குள்ளேயே இந்த ஐ.சி.யை அடக்கித் தரும் கடைகள் உண்டு. அந்த வேலைக்குக் கொடுக்கும் கூலி தகும்.

பெட்ரோல் முள் மட்டும் தப்பினால் டேங்க்குக்குப் போகும் ஒயரைக் கழற்றி, 12 வோல்ட் 3 வாட் பல்ப் ஒன்றின் வழியாக எர்த்தில் தொடுங்கள். நேரடியாகத் தொட்டு வைத்திருந்தால் பைமெட்டல் கேஜின் கம்பிச்சுருள் கருகிவிடலாம். பல்ப் எரிந்து முள் மெதுவாக மேலே போனால் கேஜும் ஒயரும் சரி. போர்டைக் கழற்றத் தேவையே இல்லை. ஒன்று கவனம்: வி.டி.ஓ. (ஜெர்மன் கேஜ் பிராண்ட்) அளவுள்ள சென்டர்கள் காலியில் 10 ஓம், நிறைவில் 180 ஓம். அவற்றில் எர்த் செய்தால் முள் காலிக்குத்தான் போகும். அமெரிக்க அளவில் இது தலைகீழ்: காலியில் 240, நிறைவில் 33. பொதுவாகக் கிடைக்கும் யுனிவர்சல் கேஜையும் டேங்க் யூனிட்டையும் தனித்தனியாக வாங்கி மாட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இரண்டும் ஒரே அளவில் இல்லாவிட்டால் எந்தக் கடைக்காரரும் சரிசெய்ய முடியாது.

டேங்க் யூனிட்டைக் கழற்றும் முன் பெட்ரோல் கால் டேங்க்குக்குக் கீழே இருக்கட்டும், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள், வேலை திறந்த வெளியில் நடக்கட்டும். வெளியே எடுத்த யூனிட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அட்டையில் முடி போன்ற கம்பி சுற்றியிருக்கும். அதன்மேல் ஒரு சின்னப் பித்தளை நாக்கு வழுக்கிப் போகும். கம்பி தேய்ந்திருப்பது பெரும்பாலும் கால் டேங்க் முதல் பாதி வரை உள்ள இடத்தில்தான். எப்போதும் ஐநூறு ரூபாய்க்கே பெட்ரோல் போடும் வண்டியில் அந்த நாக்கு அங்கேயேதான் உரசிக்கொண்டிருக்கிறது. மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஃப்ளோட் கையை மெதுவாக மேலே தூக்குங்கள். எண் ஒரே சீராக மாற வேண்டும். நடுவில் அறுந்து போனால் யூனிட் போயிற்று. முதலில் மல்டிமீட்டர் முனைகள் இரண்டையும் ஒன்றாகத் தொட்டு, வரும் அரை ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள். பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கினால் உள்ளே பெட்ரோல் தளும்பும் சத்தம் கேட்கிறதா என்றும் பாருங்கள். ஓட்டை விழுந்த ஃப்ளோட் மூழ்கி, எப்போதும் குறைவாகவே காட்டும்.

ஜே.சி. ரோட்டில் கிடைக்கும் டூப்ளிகேட் டேங்க் யூனிட்டுகளை நம்பலாமா? பாதிப் பாதி. ஓம் அளவு சரியாக இருந்தாலும் ஃப்ளோட் கையின் நீளமும் வளைவும் மாறியிருக்கும். பழைய யூனிட்டைக் கையோடு கொண்டுபோய், கவுன்ட்டரிலேயே பக்கத்தில் வைத்து, கீழே, நடுவே, மேலே என மூன்று இடத்தில் இரண்டின் ஓமையும் அளந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அளக்க விடாத கடையில் வாங்காதீர்கள். புது கேஸ்கெட்டும் சேர்த்து வாங்குங்கள். பழைய கார்க் கேஸ்கெட் மறுபடி உட்காராது, வண்டிக்குள் பெட்ரோல் வாடை வரும்.

டெம்பரேச்சர் விஷயத்தில் அவசரப்பட்டு சென்சாரைக் குற்றம் சொல்ல வேண்டாம். முள் எழும்பாமல் இருப்பதற்குத் தெர்மோஸ்டாட் (ரேடியேட்டருக்குத் தண்ணீர் போவதைத் திறந்து மூடும் வால்வு) திறந்தபடி மாட்டிக்கொண்டதும் காரணமாகலாம். அப்போது முள் உண்மையைத்தான் காட்டுகிறது. தண்ணீர் குறைந்து சென்சார் காற்றில் நின்றாலும் குறைவாகவே காட்டும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பார்ப்பதானால், பளபளக்கும் அலுமினியத்தில் நேராக அடித்தால் குறைவாகக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் பாருங்கள். சென்சாரைக் கழற்றிக் கொதிநீரில் சோதிக்கிறவர்கள், பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கிறது. சூடு ஏற ஏற ஓம் சீராக இறங்க வேண்டும். ஒற்றை ஒயர் சென்சாரை மறுபடி பூட்டும்போது திருகுமரையில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதற்கு எர்த் கிடைப்பதே அந்த மரை வழியாகத்தான்.

ஸ்பீடோமீட்டர் வேலையில்தான் இந்தக் கடைகளின் திறமை தெரிகிறது. ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் ஓடோமீட்டரின் தேய்ந்த பல்சக்கரம் மாற்றுவது, முள்ளின் ஸ்பிரிங்கைச் சரிசெய்வது, மோட்டாரில் சுற்றி வேகத்தைச் சரிபார்ப்பது எல்லாம் நேர்த்தி. ஆனால் முள் ஆடினால் முதலில் கேபிளைப் பாருங்கள். உள் கம்பியை உருவி, கீழ் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள். மேல்முனையில் தடவினால் அது மீட்டருக்குள் ஏறி முள்ளை இழுக்கும். டயர் அளவையும் பாருங்கள்: மாருதி 800-இல் 145/70 ஆர்12-க்குப் பதில் 145/80 போட்டிருந்தால் சுற்றளவு 5 சதவீதத்துக்கு மேல் கூடும், மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-இல் போகும். நைஸ் ரோட்டில் நேரான இடத்தில் ஒரே வேகத்தில் ஓட்டி, பக்கத்தில் இருப்பவரை ஜி.பி.எஸ். பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர் கொஞ்சம் கூடக் காட்டுவது தப்பில்லை. ஐ.நா. வாகன விதி 39-இன்படி நிஜ வேகம் 60 என்றால் மீட்டர் 70 வரை காட்டலாம், 60-க்குக் கீழே மட்டும் காட்டக் கூடாது.

போர்டைக் கொடுப்பது என்று முடிவானால் காரை அங்கே எடுத்துப் போக வேண்டாம், நிறுத்த இடம் கிடைக்காது. கே.ஆர். மார்க்கெட் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். கழற்றும் முன் ஒயர் நிறங்களையும் ஓடோமீட்டர் எண்ணையும் போட்டோ எடுங்கள். அந்த எண்ணை பில்லில் எழுதி வாங்குங்கள். திரும்ப வாங்கும்போது கடையிலேயே 12 வோல்ட் சப்ளை கொடுத்து, சென்டர் முனையில், டேங்க் யூனிட்டில் நீங்கள் அளந்து குறித்து வைத்திருக்கும் காலி, பாதி, நிறைவு ஓம்களுக்கு ரெசிஸ்டர் வைத்து முள் எங்கே நிற்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். பைமெட்டல் முள் நிலைக்க ஒரு நிமிடம்கூட ஆகும், அதுவரை காத்திருந்து பாருங்கள்.