விசாகா கமிட்டி உறுப்பினர்களுக்கான ஒரு நாள் பயிற்சி: என் மதிப்பீடு

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் எங்கள் அலுவலகத்தின் உள் புகார் குழு (விசாகா கமிட்டி) உறுப்பினர்களுக்காகச் சென்னையில் ஒரு தனியார் பயிற்சி நிறுவனம் நடத்திய ஒரு நாள் வகுப்பில் கலந்துகொண்டேன். சட்ட நடைமுறையைக் கற்பித்த விதத்தில் குறையில்லை. இத்தகைய துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடத்தில் குழு அமைப்பது, குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருப்பது, 90 நாட்களுக்குள் விசாரணையை முடிப்பது என அனைத்தையும் காலையிலேயே தெளிவாக விளக்கிவிட்டார்கள்.

வகுப்பின் சிறந்த பகுதி மதியம் நடந்த மாதிரி விசாரணைதான். மேலாளரின் தனிப்பட்ட அழைப்பை மறுத்த பிறகு தன் ஆண்டு மதிப்பீடு சரிந்ததாக ஒரு பெண் புகார் அளிக்கிறார். நேரில் கண்ட சாட்சி எவரும் இல்லை. "அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்று ஒருவர் கேட்டதும், பயிற்றுநர் வாதத்தில் இறங்காமல், முந்தைய ஆண்டுகளின் மதிப்பீட்டுத் தாள்களையும், இரவு 11 மணிக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகளையும், அதே வாரம் அந்தப் பெண் தன் தோழிக்கு அனுப்பிய மின்னஞ்சலையும் எங்கள் முன் வைத்து, எது நடந்திருக்கக் கூடுதல் வாய்ப்பு என்று காரணத்துடன் எழுதச் சொன்னார். குற்றவியல் வழக்கைப் போல் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. மேலாளர் தரப்பு ஆவணங்களையும் அதே கவனத்துடன் படிக்க வைத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆனால், பொய்ப் புகார் பற்றிய 14ஆம் பிரிவுக்கு ஒதுக்கிய நேரம் மிக அதிகம். புகாரை மெய்ப்பிக்க முடியவில்லை என்பதற்காக மட்டுமே புகார்தாரர் மீது நடவடிக்கை எடுக்கலாகாது என்று அதே பிரிவு சொல்வதை, நான் எழுந்து கேட்ட பிறகே குறிப்பிட்டார்கள். புகாரைக் கையில் வாங்கும்போதே சந்தேகப்படும் பழக்கம் இப்படித்தான் வேர்விடுகிறது.

"கல்யாணம் ஆகிவிட்டதே, வெளியூர்ப் பொறுப்பெல்லாம் எதற்கு?" என்று சொல்லிப் பதவி உயர்வை மறுப்பதை எவ்வாறு எடைபோடுவது என்ற கேள்விக்கு, "அது நம் குழுவின் வேலை அல்ல" என்ற பதிலோடு நகர்ந்துவிட்டார்கள். பாலியல் தன்மை இல்லாத பாகுபாடு அந்தச் சட்டத்துக்குள் வராது என்பது சரிதான். என்றாலும், அதே தகுதியுள்ள ஆண்களுக்கு அந்த ஆண்டு என்ன கிடைத்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வழியையாவது மனிதவளத் துறையினர் நிறைந்திருந்த அந்த அறையில் சொல்லியிருக்க வேண்டும்.

கையேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. இச்சட்டம் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்களுக்கும் பொருந்தும். அவர்கள் தமிழில் எழுதித் தரும் புகாரைப் படித்து விசாரிக்கப்போகும் எங்களுக்குத் தமிழ்க் கையேடு அவசியம். அது கிடைக்கும் வரை, மாதிரி விசாரணைக்காக மட்டும் இந்தப் பயிற்சியைப் பரிந்துரைப்பேன்.